ஒரேயடியாப் போறியா

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அடுப்பின் முன்னால் குந்தியிருந்த பெண் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் என் அத்தை இல்லை. அவளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அந்த ஒற்றை அறைக் காம்பரா முழுக்கக் கருவாடு வறுக்கும் வாடை. அத்தை வாழ்நாளில் கருவாட்டைக் கையால் தொட்டதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாக் கதவும் ஒரே மாதிரிதான், மலையேறி வந்த களைப்பில் அடுத்த வீட்டுக்குள் புகுந்துவிட்டேனோ என்று வெட்கப்பட்டுப் பின்வாங்கினேன். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். சின்ன வயதில் நான் கரிக்கட்டையால் எழுதிய வாய்பாடு, தப்பாக எழுதி அழித்த இடம் உட்பட, அப்படியே இருந்தது. எங்கள் காம்பராதான். “யாருங்க வேணும்?” என்று அந்தப் பெண் கேட்டாள். நான் வளர்ந்த வீட்டில் நின்றுகொண்டு அத்தையின் பேரைச் சொல்லிக் கேட்டேன். “அவங்க ஊருக்குப் போயிட்டாங்களே. தோட்டத்துல இந்தக் காம்பராவ எங்களுக்குக் குடுத்துட்டாங்க” என்றாள். கையிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஊர் என்று எங்கள் மலையில் சொன்னால் அது இந்தியா. பிறந்தது, வளர்ந்தது, கொழுந்து பறித்தது எல்லாம் இலங்கையில், பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில். ஆனாலும் பலர் கண்ணால்கூடப் பார்த்திராத துறையூர்ப் பக்கத்துக் கிராமம்தான் எங்களுக்கு ஊர். தாத்தா காலத்தில் ஊருக்குப் போவது பெரிய காரியமில்லை. குலதெய்வத்துக்குக் கெடா வெட்டவும், பெண் எடுக்கவும், பாகம் பிரிக்கிற சண்டைக்கும் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போவார்கள். வருகிற வழியில் நோய் பரிசோதிக்கிற மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்துவிட்டு, தோட்டத்துக்கு வந்த மறுநாளே பெரட்டுக்களத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொள்வார்கள். ஊருக்குப் போகிறவரை யாரும் அழுது வழியனுப்பியதில்லை. புறப்படும்போது ‘போறேன்’ என்று வாய்தவறிச் சொன்னால்தான் பெரியவர்கள் அதட்டுவார்கள், ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லச் சொல்லி.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. தாயும் தகப்பனும் ஒரே மழைக்காலத்துக் காய்ச்சலில் போன பிறகு என்னைத் தன் காம்பராவுக்கு எடுத்துக்கொண்டவள். இதை உருக்கமாக எழுதிவிடலாம், ஆனால் அவள் உருக்கமான ஆள் இல்லை. வாய் நீளம். குடித்துவிட்டுக் கையை ஓங்கிய புருஷனைக் கொழுந்துக் கூடையாலேயே சாத்தி விரட்டியவள் என்று மலையில் அவளுக்குப் பேர். அதற்கப்புறம் அவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று அவள் விசாரிக்கவும் இல்லை. நான் பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்டேன் என்று ஓடிவந்து சொன்னால், “மத்தவனெல்லாம் அன்னைக்கு லீவா மருமவனே?” என்று கேட்பாள். பிறகு கங்காணி வீட்டில் போய் அதே செய்தியை மூன்று மடங்காக்கிச் சொல்லிவிட்டு வருவாள். எனக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பேராதனையில், பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்தது. படிப்பு இலவசம். விடுதியில் தங்கவும் சாப்பிடவும் மட்டும் காசு கட்ட வேண்டும். இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் உண்டு என்றார்கள். எங்களைவிட இல்லாதவர்களை எங்கே போய்த் தேடுவார்கள் என்ற தைரியத்தோடு அதைக் கொடுக்கிற ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். பிரஜாவுரிமைச் சான்று எங்கே என்று கேட்டார். எங்கள் குடும்பம் அதற்கு விண்ணப்பித்துத் தள்ளுபடியானதைச் சொன்னேன். தோட்டத்து ஆட்கள் இங்கேயே பிறந்திருந்தாலும் விண்ணப்பித்துத்தான் பிரஜையாக முடியும், அதற்கு இடைவெளி இல்லாமல் இந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. தாத்தா, அப்பாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை ஊருக்குப் போன இடத்தில் படுக்கையில் விழுந்து, ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டார். போய்விட்டு வந்த குற்றத்துக்காக நாங்கள் எந்த நாட்டிலும் சேர்த்தியில்லாதவர்கள் ஆனோம். கேட்டுக்கொண்டிருந்தவர் வருத்தத்தோடு கைவிரித்தார். விடுதிக் கட்டணம் கட்டக் கடைசி நாள் ஒன்றைச் சொன்னார். விடுதியை விட்டால் படிப்பையும் விட்டதுதான். தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற தூரமில்லை.

பூண்டுலோயாவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் சரக்கெடுக்கக் கண்டிக்கு வருவார். எல்லாரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றுதான் கூப்பிடுவார்கள். என் நிலையை அத்தையிடம் சொல்லுமாறு அவரிடம் சொல்லியனுப்பினேன். படிப்பை நிறுத்திவிட்டு வந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஏதாவது வேலை கேட்கிறேன் என்பதுதான் நான் சொன்ன செய்தி. பதில் வரவில்லை. கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் அத்தையே வந்து நின்றாள். திருவிழாவுக்கு மட்டும் கட்டுகிற கத்தரிப்பூ நிறச் சேலை, காலில் செருப்பில்லை. விடுதி வாசல் மரத்தடியில் நின்றுகொண்டு கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தாள். “இதுல எத்தன குடும்பம் இருக்காங்க?” என்றாள். எல்லாம் பையன்கள்தான், ஒரு அறைக்கு இரண்டு பேர் என்று சொன்னேன். “ரெண்டு பேருக்கு ஒரு காம்பராவா! அதான் இம்புட்டுக் காசு கேக்குறான்” என்று சொல்லிவிட்டு, இடுப்பு முடிச்சிலிருந்து பணத்தை எடுத்து என் கையில் திணித்தாள்.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பண்டுக் காசு என்றாள். அப்போது புதிதாக வந்திருந்த சேமலாப நிதியைத்தான் லயத்தில் அப்படிச் சொல்வார்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்க்கிற பணம். கேட்டால் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதன் சட்டதிட்டம் எதுவும் தெரியாது, என்னோடு படித்த எவனுக்கும் தெரிந்திருக்காது. வருகிற மாதம் கொஞ்சம் ஊருக்குப் போய்விட்டு வர வேண்டும் என்றும் சொன்னாள். தாத்தா நேர்ந்துகொண்டு செய்யாமல் விட்ட கெடா இருக்கிறதாம். அதிலும் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன், உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள். பஸ்ஸுக்கு நடக்கும்போது வழக்கமான குரலில், “போயிட்டு வர்றேன் மருமவனே. பெயிலாயித் தொலைச்சிறாத” என்றாள். அன்று மாலையே விடுதிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

விடுமுறைக்கு வந்தபோதுதான் அந்தக் கதவைத் தள்ளினேன். என் குரலைக் கேட்டுப் பக்கத்துக் காம்பரா அக்கா வெளியே வந்தாள். அத்தையோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவள். அவள் முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை. எனக்குத் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தாள். அத்தை தன் கோழியை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போயிருந்தாள், மாரியம்மன் திருவிழாவுக்குள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி. குஞ்சு பொரித்தால் பாதி பாதி என்று பேச்சு. காம்பராவை ஏன் வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அது இவளுக்கும் புரியவில்லை, வந்தால் வேறு காம்பரா கொடுப்பார்களாயிருக்கும் என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே அத்தை சொன்ன வேடிக்கையை எனக்குச் சொன்னாள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வியாம். கண்டியில் பாஸ்போட் கொடுத்த ஆபீசிலும் கேட்டார்களாம், தோட்டத்து ஆபீசிலும் கேட்டார்களாம். “ஒரேயடியாப் போறியான்னு கேட்டாங்களாம். பின்ன என்ன, நடுவுல எறங்கி எறங்கி ஏறவா போறேன், கண்டியிலகூடத் தங்காம ஒரேயடியாத்தான் போறேன்னு சொன்னுச்சாம்.” அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தை சொல்லியிருக்கக்கூடிய பதில்தான் அது.

சிரித்தாலும் மனசு சமாதானமாகவில்லை. தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். கணக்கப்பிள்ளை என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். நான் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பண்டுக் காசை வயதான பிறகுதான் கொடுப்பார்கள், அதற்கு முன்னால் வேண்டுமென்றால் நாட்டை விட்டே போக வேண்டும், அத்தை இந்தியப் பாஸ்போட் எடுத்துத் தோட்டப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு போய்விட்டாள், இனி வருவதற்கு வழியில்லை என்றார். “நானும் கேட்டேன் தம்பி. ஒரேயடியாப் போறியாம்மான்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவ கேட்டேன். ஆமாங்கன்னு பட்டுனு சொன்னுச்சு. தெரிஞ்சுதான் போவுதுன்னு நெனச்சேன்” என்றார். சற்று முன்னால் அக்கா சொன்ன வேடிக்கை அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேட்டவர்கள் ‘திரும்ப வரவே மாட்டாயா’ என்று கேட்டிருக்கிறார்கள். அவள் ‘வழியில் எங்கும் தங்க மாட்டாயா’ என்று கேட்டதாக நினைத்து ஆமாம் சொல்லியிருக்கிறாள். ஊருக்குப் போகிறவர்களுக்குப் பண்டுக் காசு கொடுப்பார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். போனால் வர முடியாது என்று ஒரு போக்கு உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்த போக்கில் எல்லாரும் வந்திருக்கிறார்கள், அவளும் வந்திருக்கிறாள்.

காசைத் திருப்பிக் கட்டிவிட்டால் பேரை மறுபடி எழுதிக்கொள்வார்களா என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். பைத்தியக்காரக் கேள்விதான். கப்பல் ஏறினவர்களுக்கு அது செல்லாது என்றார். அப்படியும் நான் விடவில்லை. பேராதனைக்குப் போய்க் கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். இருந்த நாட்களுக்கு அது சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நான் தின்று தீர்த்திருக்கிறேன். அந்த விடுதிச் சோறு அதன் பிறகு எனக்கு இறங்கவே இல்லை. கொழும்புக்குப் போய், வருவோர் போவோரைக் கவனிக்கிற ஆபீசில் வரிசையில் நின்றேன். எனக்கு வராத சிங்களத்திலும் வந்த இங்கிலீசிலும் நடந்ததை விளக்கினேன். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டாள் என்றேன். அங்கிருந்த அதிகாரி எரிச்சல்படாமல் முழுக்கக் கேட்டார். போனவர் இந்தியப் பிரஜை, வந்து பார்ப்பதற்கு விசா கேட்கலாம், அதற்கு இங்கே உள்ள பிரஜை ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றார். நீங்கள் பிரஜையா என்று கேட்டார். நான் வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்டியில் கடைக்காரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து மீதி வருஷங்களை ஓட்டினேன். பட்டம் வாங்கினேன். ஹட்டன் பக்கத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். பிரஜாவுரிமையும் ஒரு காலத்தில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டபோது அத்தை இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. இப்போது என் பேரப்பிள்ளை பேராதனையில் படிக்கிறாள். விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று போனில் குறைப்படுகிறாள், நான் ஏன் பேச்சை மாற்றுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

அத்தை கப்பல் ஏறிய மறுவருஷம் துணிக்கடை நானா நாகூர்க் கந்தூரிக்குப் போனார். அவரிடம் பிரஜாவுரிமையும் பாஸ்போட்டும் இருந்தன. எப்படியாவது துறையூர்ப் பக்கம் போய் அவளைப் பார்த்து, நடந்ததை நிதானமாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். திரும்பி வந்ததும் சொல்லியனுப்பினார். கடைக்குள் ஆளில்லாத நேரமாகப் பார்த்து என்னை உட்காரவைத்துச் சொன்னார். யாரோ ஒரு சொந்தக்காரரின் கடலைக்காட்டில் கூலிக்குப் போகிறாளாம். அங்கே அவளுக்குப் பேர் சிலோன்காரி. வெயில் தாங்காமல் கறுத்துப்போயிருந்தாளாம். திருவிழா முடிந்துவிட்டதா, கோழி எத்தனை பொரித்தது என்றெல்லாம் முதலில் விசாரித்தாளாம். நானா மெதுவாக எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், இனி வர முடியாது என்பதை, நான் கொழும்புவரை போய்க் கேட்டுவிட்டு வந்ததை.

“காட்டப் பாத்துக்கிட்டே இருந்துச்சு தம்பி. அப்பறம், அவன் இன்னமும் அந்தப் பெரிய படிப்புத்தான் படிக்கிறானான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். ‘இம்புட்டுப் படிச்சும் எனக்கு வர ஒரு வழி சொல்லத் தெரியலயா, அப்ப அங்க என்னத்தத்தான் சொல்லிக் குடுக்குறாங்க?’ன்னு கேட்டுச்சு.”