பாராடாங் ஜெட்டியில் இரண்டு வாசல் டீக்கடை

மரகதம் அக்கா போயிட்டாங்க.

காலையில் போன். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில், விடியும்போது... கிட்னி. எதிர்பார்த்ததுதான்.

ஆனால் போனை வைத்ததிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. ஒரே பரபரப்பு. அந்த மத்தியானத்தை யாரிடமாவது சொல்லியே ஆகணும். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது அக்காவுக்கு ஆபத்து வரக்கூடாது என்றுதான். இனி அவரை யார் என்ன செய்துவிட முடியும்?

செத்தவர்களைத் தெய்வமாக்கும் பதிவுகள் எனக்கு ஒவ்வாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் டீ சுமார். வடை அதைவிடச் சுமார்.

நான் ரங்கத் ஊரில் டீச்சராக இருந்தபோது, லீவுக்கு போர்ட் பிளேர் வரும் வழியில் பஸ் பாராடாங் ஜெட்டியில் நிற்கும். பஸ்ஸை ஏற்றிப் போகும் ஃபெர்ரி வரும்வரை அக்கா கடை பெஞ்சுதான்.

தகரக் கடை. முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். பின்வாசலைத் திறந்தால் ஒரு பலகை, அதற்கு அப்புறம் தண்ணீர்.

"எதுக்கக்கா பேக் டோர்? போலீஸ் வந்தா ஓடவா?" என்று கண்டக்டர் சீண்டுவார்.

"உன் மூஞ்சியப் பாத்தா ஓடறதுக்கு."

மூலையில் ஒரு ஸ்டூல். இரண்டு வாசலும் தெரிகிற மாதிரி. ஒருநாள் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டேன். எழுப்பிவிட்டார். "அது என் எடம் டீச்சர்." சிரிக்காமல்.

இப்போது அந்த மத்தியானம்... கோவிட்டுக்கு முன்னால்.

மெயின்லேண்ட் நண்பர்களுக்கு ஒரு விஷயம். ஃபெர்ரியில் அக்கரை போனதும் காடு. அதற்குள் வண்டிகளைக் கான்வாயாக, ஒரே வரிசையாகத்தான் விடுவார்கள். கடைசி கான்வாய் போய்விட்டால் கேட் மூடிவிடும். மறுநாள் காலைதான்.

எங்கள் பஸ்ஸில் கதம்தலாவில் ஒரு பெண் ஏறியிருந்தாள். சின்ன வயது. இடுப்பில் குழந்தை. கையில் ஒரு பைகூட இல்லை.

கடையில் யாரோ டீ கிளாஸைத் தவறவிட்டார்கள். சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினோம். அவள் மட்டும் திரும்பவில்லை. குழந்தையின் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அப்படியே குனிந்தாள்.

அக்கா அடுப்பை விட்டு வந்தார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

"பின்னால வர்றானா?"

"பைக்ல... வந்துருவாரு."

அவ்வளவுதான் பேச்சு. கையைப் பிடித்துப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனார். அங்கே குகை பார்க்கப் போகும் டூரிஸ்ட் போட்டுகள் நிற்கும். "ஜோசப் பாய், தோ சவாரி! உஸ் பார்!" இரண்டு பேர், அந்தக் கரைக்கு. போட்டுக்கார ஜோசப்பும் காரணம் கேட்கவில்லை. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை அவளுக்கு மாட்டி, குழந்தையோடு டூரிஸ்டுகள் நடுவே உட்கார வைத்தார்.

போட் நகர்ந்தது. பைக் வந்து நின்றது.

அவன் நேரே பஸ்ஸில் ஏறி சீட்டுக்கடியில்கூடப் பார்த்தான். யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கடைக்கு வந்தான். குழந்தையோடு ஒரு பெண் வந்தாளா?

"வர்றவங்க எல்லாம் புள்ளைங்களோடதான் வர்றாங்க தம்பி. உக்காருங்க, டீ போடறேன்."

அவன் உட்காரவில்லை. கடைக்குள் புகுந்து பின்வாசலில் போய் நின்றான். தண்ணீர் முழுக்கப் போட்டுகள், போட்டு முழுக்க ஆரஞ்சு ஜாக்கெட்டுகள். பார்த்துக்கொண்டே நின்றான். அவளையும் சேர்த்துத்தான் பார்த்தான்!

அக்கா பழைய பாலைக் கொட்டிவிட்டுப் புதுப்பால் வைத்தார். நிதானமாக இஞ்சி தட்டினார். அந்தக் கடையில் உருப்படியாகப் போட்ட ஒரே டீ அவனுக்குத்தான் போயிருக்கும். கிளாஸை அவன் கையிலேயே கொடுத்தார்.

எங்கள் பஸ்ஸோடு ஃபெர்ரி கிளம்பியது. பஸ்ஸில் அவள் இல்லை, அதனால் இந்தக் கரையில்தான் எங்கோ ஒளிந்திருக்கிறாள் என்று அவன் இங்கேயே தேட நின்றுவிட்டான்.

அக்கரையில் ஒரு மரத்தடியில் ஆரஞ்சு ஜாக்கெட்!

அவள் ஏறியபோது பஸ்ஸில் எழுந்த சத்தம் இருக்கிறதே... அதுவரை ஊமையாக இருந்த அத்தனை பேரும். கண்டக்டர் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டித் தட்டி "ஜல்தி பாய், ஜல்தி" என்று கத்த, கடைசி கான்வாயில் கடைசி வண்டியாக உள்ளே போனோம். கேட் இறங்குவதைத் திரும்பிப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

காடு முடிகிற ஜிர்காடாங் வரை அவள் அந்த ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. யாரும் கழற்றச் சொல்லவும் இல்லை.

அடுத்த லீவில் அக்கா கேட்ட முதல் கேள்வி: "ஜாக்கெட் எங்க டீச்சர்? ஜோசப்பு என் உசுர வாங்கறான்."

அன்றுதான் தன் கதையைக் கொஞ்சம் சொன்னார். கச்சால் தீவில், ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தவர். புருஷன் அடிக்கிறான் என்று பெரியவர்களிடம் போனால், கம்ப்ளெய்ன்ட் கொடுத்தால் அவன் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், சிலோனிலிருந்து வந்து ஒண்டிய நமக்கு வேறே எங்கே இடம் என்றார்களாம். அந்த லயத்து வீட்டுக்கு ஒரே வாசல். அதில்தான் அவன் நிற்பான்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நர்ஸிடம் சண்டை போட்டுக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தார், கதவு தெரிகிற மாதிரி. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். மாட்டேன் என்று மல்லாந்தே கிடந்தார்.

உங்க புருஷன் செத்து எவ்வளவு காலமாச்சு அக்கா, என்றேன்.

"எனக்குத் தெரியும் டீச்சர். முதுகுக்குத் தெரியலையே."

காலையில் போன் செய்தது அந்த ஜாக்கெட் பெண்தான். போர்ட் பிளேர் பக்கத்தில் சிப்பிகாட்டில் செடி நர்சரியில் வேலை. தன் பேரிலேயே வாடகை வீடு. மகள் ஸ்கூல் போகிறாள். ராத்திரி முழுக்க அக்கா பக்கத்தில் இருந்திருக்கிறாள். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மேடம், பேர் மட்டும் வேணாம்" என்றாள்.

கடைசியில் அக்கா, "நீ கதவப் பாத்துக்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, தானாகவே சுவர்ப் பக்கம் திரும்பினாராம்.

தூங்குங்க அக்கா. நாங்க பாத்துக்கறோம்.