தங்கமணியக்காவின் ஓட்டு

செய்தியை ஒரு ஆட்டோ கொண்டு வந்தது. காலையில் மாரியம்மனுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் மைக் சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் சாவை அப்படித்தான் அறிவிப்பார்கள். முதலில் ஒரு கட்சியின் பெயர் வந்தது. அடுத்து "நமது கட்சியின் நீண்டகால அனுதாபி" என்று வந்தது. அதற்குப் பிறகுதான் தங்கமணியம்மாள் என்ற பெயர் வந்தது. பூ கையிலிருந்து நழுவிவிட்டது. அழுகை வரவேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது. அந்த அறிவிப்பை அவர் கேட்டிருந்தால் சாவை விட்டு எழுந்து உட்கார்ந்து ஆட்டோவை நிறுத்தியிருப்பார்.

இதை வாசிக்கிற நீங்கள் பெரும்பாலும் அவரிடம் பால் ஊற்றியவர்கள். மீனாட்சிபுரம் போகிற சாலையில் உள்ள நம் பால் சொசைட்டியில் அவர் பாலைச் சோதிக்கிற வேலையில் இருந்தார். சொந்தக் கொழுந்தனார் பாலிலேயே தண்ணீர் இருப்பதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர். "நம்மூட்டுப் பாலையுமா அண்ணி சோதிக்கோணும்?" என்று கொழுந்தனார் முறைத்தபோது, "மாடு நம்மூட்டுதுங்க கொழுந்தனாரே. தண்ணி பஞ்சாயத்துக் கொழாயில வந்ததாச்சுங்களே" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. கொழுந்தனார் அதற்குப் பிறகு நோம்பி, பண்டிகை எதற்கும் அக்கா வீட்டில் சாப்பிடவில்லை.

தேர்தல் வந்தால் அந்த வரிசைதான் அவருடைய மேடை. நம் ஊர் கேரளத்தில் இருப்பதால் அறிவிப்புகள் பெரும்பாலும் மலையாளத்தில் வரும். நம் பெண்களில் பலர் தமிழ்தான் வாசிப்பார்கள், சிலர் அதையும் வாசிக்க மாட்டார்கள். நானே பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காதவள். தமிழைக் கோயில் நோட்டீசிலும் மலையாளத்தை பஸ் போர்டிலும் கூட்டிக் கூட்டிப் படித்தேன். சின்ன எழுத்தில் இருப்பதெல்லாம் எனக்கு அக்கா சொன்னால்தான் விளங்கும். வேட்பாளர்கள் கொடுக்கிற சத்தியப் பத்திரம் தாலுகா ஆபீஸ் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். அவர் பஸ் ஏறிப் போய் அதை வாசித்துவிட்டு வருவார். எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்விகள்தான். என்ன தொழில், என்ன சொத்து, என்ன கேஸ், போன தடவை ஜெயித்தவராக இருந்தால் என்ன செய்தார், நம் ஊர்ப் பக்கம் கடைசியாக எப்போது வந்தார். இன்று ஒருவரை முதலில் சொன்னால் நாளை இன்னொருவரை முதலில் சொல்வார். யாரையும் தூக்கிப் பிடித்ததாக ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

ஒரு தடவை ஒரு வேட்பாளரின் மனைவி சொசைட்டிக்கே வந்து சண்டை பிடித்தார்.

"ஏனுங், எங்கூட்டுக்காரரு மேல கேஸ் இருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்றீங்களாமா?"

"அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காருங்க. நான் வாசிச்சதோட சரி."

"அப்ப எதுத்து நிக்கறவர் கேஸையும் சொல்லோணுமல்ல?"

"அவருக்குக் கேஸ் இல்லீங்களே. வேணும்னா ஒண்ணு போட்டுக்கச் சொல்லட்டுங்களா?"

வந்தவரே சிரித்துவிட்டார். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

பஞ்சாயத்துத் தேர்தலில் ஒரே நேரத்தில் மூன்று ஓட்டுப் போடவேண்டும் என்பது நம்மைக் குழப்புகிற விஷயம். மெஷினில் ஒட்டிய தாள் கிராமத்துக்கு வெள்ளை, பிளாக்குக்கு ரோஸ், ஜில்லாவுக்கு நீலம். தெரிந்த முகத்துக்கு ஒன்றை மட்டும் அழுத்திவிட்டு வெளியே வந்தால் மெஷின் காத்துக்கொண்டே நிற்கும். ஓட்டை முடித்துவைக்கிற கடைசிப் பொத்தானை அழுத்த ஆபீசர் திரும்பக் கூப்பிடுவார். இதைப் பழக்க அக்கா அட்டைப் பெட்டியில் மெஷின் போல வரைந்தார். எந்தக் கட்சிச் சின்னத்தையும் வரையக் கூடாது என்று, எவரும் கேட்காத சின்னமாக யோசித்துச் சாணிக்கூடையை வரைந்தார். பெண்கள் நன்றாகப் பழகினார்கள். ரொம்ப நன்றாகவே பழகிவிட்டார்கள். ஓட்டு நாளில் ராமாத்தாள் பாட்டி பூத்துக்குள்ளிருந்து, "சாணிக்கூடையக் காணமேங்க! அது நிக்கலீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். ஏஜெண்டுகள் பெஞ்சில் விழுந்து சிரித்தார்கள். பாட்டி வெட்கப்பட்டு ஓட்டுப் போடாமலே வந்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "அவிய ஓட்டு போனது என்னாலதான் அம்மிணி" என்று சொல்லி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த தேர்தலுக்கு வெறும் கட்டங்களை மட்டும் வரைந்தார்.

அவர் யாருக்குப் போடுவார் என்று கேட்காதவர்கள் நம்மில் இல்லை. நானும் கேட்டிருக்கிறேன். "எம் புருசன் இருந்தப்ப அவருக்கே சொன்னதில்ல. உனக்குச் சொல்லிப்போட்டு அவருக்கு நான் என்ன பதில் சொல்லறது?" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

வயதானவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் அவர்கள் ஓட்டைக் கூட்டிப்போனவர்களே போடுகிற வழக்கம் நம் பக்கம் எல்லாக் கட்சிக்கும் உண்டு. அதற்கு ஓப்பன் வோட்டு என்று பெயர். கண்ணோ கையோ இயலாதவர் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம் என்று சட்டம் இருக்கிறது. அந்தத் துணையை ஓட்டுப் போடுகிறவர்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். அக்கா திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். "நீங்க கூப்புட்டு அவன் வரோணும். அவனா வந்து கையப் புடிச்சா ஒதறி உடுங்க" என்பார். கண்ணில் புரை விழுந்த கருப்பசாமி அய்யனைக் கூட்டிப்போக ஒருமுறை கட்சி ஆட்டோ வந்தது. ஆட்டோவில் வந்தவன் அக்காவின் ஒரே மகன் செந்தில். அப்போதுதான் கட்சியில் சேர்ந்து கொடி கட்டத் தொடங்கியிருந்தான். அக்கா ஆட்டோவை மறித்தார்.

"அம்மா, பெத்த பையனுக்கே குறுக்க நிக்கறயா?"

"ஆட்டோவக் கொண்டா சாமி, வேண்டாங்கல. கையக் கொண்டாராதே."

அய்யன் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அதே ஆட்டோவில் போய் ஓட்டுப் போட்டார். செந்தில் அன்று அம்மாவிடம் பேசவில்லை. அதை அவன் மறக்கவும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு குழறிப்போனது. பக்கத்தில் உட்கார்ந்து பழகினவர்களுக்கு மட்டும் புரியும். இத்தனை பேருக்கு எடுத்துச் சொன்ன நாக்கைத்தானா எடுத்துக்கொண்டாய் என்று மாரியம்மனிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை விரதத்தை நான் விடவில்லை. ஆனால் அந்தக் கேள்வியையும் விடவில்லை.

இந்தச் சட்டசபைத் தேர்தலுக்கு, நடமாட முடியாதவர்கள் வீட்டிலேயே ஓட்டுப் போட ஏற்பாடு இருந்தது. செந்தில் அதற்கு எழுதிக்கொடுத்தான். பூத்துக்குப் போகத்தான் அக்காவுக்கு ஆசை. தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டுமே. அதனால் சம்மதித்தார். சம்மதித்த அன்றே என் கையை இடது கையால் பிடித்து, "துணைக்கு நீ" என்றார். குழறினாலும் அந்த வார்த்தை எனக்குத் தெளிவாகக் கேட்டது. "எனக்குக் காட்ட வேண்டாங்கக்கா, கண்ண மூடிக்கறேன், பேனாவ மட்டும் புடிச்சுக்கறேன்" என்றேன். உடம்பு குலுங்கச் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்று மட்டும்தான்.

ஆபீசர்கள் வந்தார்கள். போலீஸ்காரர், வீடியோ எடுக்கிறவர், கட்சி ஆட்கள் என்று அறை நிறைந்தது. கட்டிலின் மேல் அட்டைத் தடுப்பை வைத்தார்கள். துணை யார் என்று கேட்டபோது நான் முன்னே போனேன். செந்தில் என்னை மறித்து நின்றான்.

"மகன் நான் இருக்கறப்ப நீங்க எதுக்குங்கத்தெ?"

"அக்காவக் கேளு செந்திலு. அவிய ஆரச் சொல்றாங்களோ அவியதான்."

அக்கா இடது கையை என் பக்கம் நீட்டினார். ஏதோ சொன்னார். ஆபீசருக்குப் புரியவில்லை. "அம்மா உங்களுக்கு டீ குடுக்கச் சொல்லுதுங்க" என்றான் செந்தில். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது "சாந்தாமணி" என்ற என் பெயரை. நான் கத்திச் சொன்னேன். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு இன்னும் பல வீடுகள் இருந்தன. "மோனல்லே? பின்னெ எந்தா பிரஸ்னம்?" என்றார். மகன்தானே, பிறகென்ன என்கிறார். துணையை ஓட்டுப் போடுகிறவர்தான் சொல்லவேண்டும், அதுதான் சட்டம் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். "நிங்ஙள் ஏது பார்ட்டியா?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். நீ எந்தக் கட்சி என்று கேட்டால் நம் ஊரில் ஒரு பெண்ணின் வாயை மூடிவிடலாம். அன்று நான் மூடவில்லை. என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

வாசலில் நின்றேன். உள்ளே காகிதம் மடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் போன பிறகு உள்ளே போனேன். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

துணைக்குப் போகிறவர், ஓட்டை ரகசியமாக வைப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். செந்திலும் போட்டான். அன்று சாயங்காலமே டீக்கடையில், "எங்கம்மா ஓட்டு நம்ம பக்கந்தான், கவலப்படாதீங்க" என்று சொல்லிச் சிரித்தானாம். சொன்னவர்களும் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவர் அதிகம் பேச முயலவில்லை. கஞ்சியைக்கூட வேண்டாம் என்று முகம் திருப்பினார். டாக்டர் மூளையில் இரண்டாவது அடைப்பு என்றார். டாக்டர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

சாவு வீட்டில் நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். உடம்பின் மேல் கட்சிக் கொடி போர்த்தியிருந்தது. தலைமாட்டில் பிளெக்ஸ். அக்காவின் படத்துக்கு மேலே அதைவிடப் பெரிதாகத் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். குளிப்பாட்டுவதற்காக ஆண்களை வெளியே அனுப்பியதும் சொசைட்டிப் பெண்கள் நாங்கள் கொடியை எடுத்து மடித்து ஓரமாக வைத்தோம். மஞ்சள் பூசித் தண்ணீர் ஊற்றிக் கோடிச் சேலை சுற்றினோம். அந்த நேரம் மட்டும் அவர் எந்தக் கட்சியும் இல்லை. "இப்படியே எடுத்துட்டுப் போகட்டும்" என்று நான் செந்திலிடம் கும்பிட்டுக் கேட்டேன்.

"அத்தெ, செத்த ஊட்டுல அரசியல் பேசாதீங்க" என்றான்.

கொடியை அவனே விரித்துப் போர்த்தினான். நம் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. தெருமுனை வரை நடந்து, கொடியோடு அவர் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

நான் இதை எழுதுவதற்குக் காரணம் அந்தக் கொடி இல்லை. கொடி எரிந்துபோயிருக்கும். பதினாறாம் நாள் கழிந்து சொசைட்டி வரிசையில் நின்றபோது செல்லம்மாள் சொன்னதுதான் காரணம். ராமாத்தாள் பாட்டியின் மருமகள் அவர். "தங்கமணியக்கா எல்லாத்துக்கும் பொதுவாச் சொல்றாப்பல சொல்லி, நம்மளயெல்லாம் அந்தக் கட்சிப் பக்கந்தான் தள்ளியிருக்குது போலிருக்குது. நாமதான் வெவரம் இல்லாம இருந்திருக்கறோம்" என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். பஸ் ஏறிப் போய் வாசித்து வந்ததும், ஒருநாள் ஒருவரையும் மறுநாள் இன்னொருவரையும் முதலில் சொன்னதும், கட்டம் வரைந்ததும் எல்லாம் ஒரு போர்வையில் போய்விட்டன. அவர் சாவைத் தாங்கிக்கொண்டேன். இதை என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக் கணக்கைக் காலணா பிசகாமல் எழுதுகிறவள் நான். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் எழுதித்தான் எனக்குப் பழக்கம். எத்தனையோ தேர்தலில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறேன். பூத்திலிருந்து வெளியே வரும்போது அவர் முகத்தை ஆவலாகப் பார்ப்பேன். சந்தையில் கத்தரிக்காய் வாங்கிவிட்டு வருகிறவரைப் போல வருவார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "வெய்யில் ஏறிப்போச்சு, வா" என்பார். அந்த முகத்தில் ஒருநாளும் எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. எதுவும் காட்டாத அந்த முகத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் போட்ட ஓட்டுகளில் ஒன்றுகூட யாருக்கு என்று எனக்குத் தெரியாது. யாருக்கு என்று தெரிந்தது ஒரே ஒரு ஓட்டுத்தான். அதை அவர் போடவில்லை.