அந்தோனியாருக்குக் கீழே ஒரு வட்டம்

என் லொறி யப்பானில் பிறந்தது. அங்கே யாரோ ஒருவர் வருடக்கணக்கில் ஓட்டிக் களைக்க வைத்து விற்றதை, நான் ஊர்காவற்துறையில் வைத்து இன்னும் களைக்கப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். விடியற்காலையில் மீன் பெட்டியும் ஐசும் ஏற்றுவேன். திருநாள் வந்தால் ஆட்கள். பட்டணத்துக் கோயில் ஒன்றின் திருநாளுக்கு எங்கள் பங்குச் சனத்தைப் பின்பெட்டியில் கொண்டுபோவது வருசா வருசம் என் பொறுப்பு. சனம் ஏறுவதற்கு முன் பெட்டியைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவுவேன். என்றாலும் எல்லாரும் சூடை மீன் மணத்தோடுதான் பூசைக்குப் போய்ச் சேர்வார்கள்.

இதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அல்லைப்பிட்டி கழிந்து கடலுக்கு நடுவே போகும் தாம்போதி ரோட்டில் ஏறியதும், ஸ்ரேரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வெட்டுவேன். பின்னால் பெண்கள் "ஐயோ மாதாவே" என்று கத்துவார்கள். எனக்கு அது பெரிய சந்தோசம். எங்கள் பங்கில் என்னைவிட அதிகம் பேரைச் செபிக்க வைத்தவர் கிடையாது, சுவாமியார் உட்பட.

அன்று பின்னால் முப்பது பேர் இருக்கும். பாட்டுக்குழு நடத்துகிற அக்கா கபினுக்குப் பின்னால் நின்று, பள்ளத்துக்கு ஒரு ஏச்சு வீதம் தந்துகொண்டு வந்தார். என் மனைவி எனக்குப் பக்கத்தில். அல்லைப்பிட்டியில் வரும்போது அவளுடைய போன் அடித்தது. கனடாவில் லொறி திருத்தும் கராஜில் வேலை செய்யும் அவளுடைய தம்பி. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தான், லொறியிலையோ நிக்கிறியள்? உடனை ஓரமா நிப்பாட்டுங்கோ."

நிற்பாட்டினேன். நூறு மீற்றர் முன்னால் ரோட்டின் இரண்டு பக்கமும் கடல் மினுங்கியது.

போன கிழமை என் லொறியின் சேசிஸ் நம்பரைச் சும்மா கேட்டு வாங்கியிருந்தான். இப்போது காரணம் சொன்னான். ஸ்ரேரிங்கை முன்சில்லோடு இணைக்கும் தண்டில் ஒரு பொல்ட் கழன்று போகலாமாம். கழன்றால் ஸ்ரேரிங் சுற்றும், சில்லு திரும்பாது. அதனால் அந்த வகை லொறிகளைக் கொம்பனியே திருத்தித் தருவதற்குத் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறதாம்.

"கூப்பிட்டால் எப்பிடியடா போறது? இது பண்ணைப் பாலம் தாண்டவே மூச்சு வாங்குது" என்றேன்.

"பகிடி விடாதேங்கோ அத்தான். உங்கடை நம்பர் பட்டியலிலை இருக்கு. யப்பானிலையே திருத்தியிருந்தால், சாரதிக் கதவைத் திறக்கத் தெரியிற தூணிலை வட்டமா ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருப்பாங்கள். இருக்கோ எண்டு பாருங்கோ."

கதவைத் திறந்தேன். அந்த இடத்தில் அந்தோனியார் நின்றார்.

லொறி வந்த கிழமை சுவாமியாரைக் கொண்டு மந்திரித்து, மனைவி தன் கையால் ஒட்டிய படம். மழை படக்கூடாது என்று மேலே வார்னிஷும் பூசியிருந்தோம். அவருக்குக் கீழே வட்டம் இருக்கிறதா, இல்லையா? காணாமல் போனதையெல்லாம் கண்டெடுத்துத் தருகிற புனிதர், இதை மட்டும் மூடிக்கொண்டு நின்றார்.

இத்தனை வருசம் தாம்போதியில் வைத்து நான் வெட்டி வெட்டி விளையாடியது அந்தப் பொல்டோடு அல்லவா? பின்பக்கம் போய், "எல்லாரும் இறங்குங்கோ, ஸ்ரேரிங் பிழை போலை கிடக்கு" என்றேன்.

முப்பது பேரும் சிரித்தார்கள்.

"தொடங்கீட்டார்" என்றார் பாட்டு அக்கா. "தம்பி, இந்த முறை கடலுக்கு முன்னமே தொடங்கீட்டீரோ? ஏறும், ஏறும். பூசைக்கு நேரமாகுது."

"அக்கா, சத்தியமாச் சொல்லுறன்."

"உம்மடை சத்தியம் எங்களுக்குத் தெரியும். போன முறை பிறேக் இல்லை எண்டு சொல்லி எங்களைப் பதினைஞ்சு தரம் அருள்நிறை மரியே சொல்ல வைச்சனீர்."

நான் சிரிக்காமல் நின்றேன். அதற்கும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. அழுதிருந்தால் கை தட்டியிருப்பார்கள்.

அப்போதுதான் மனைவி கபினிலிருந்து இறங்கினாள். கையில் பழம் வெட்டும் சின்னக் கத்தி. கதவுத் தூணுக்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டாள். "மன்னிச்சுக்கொள்ளும் ஐயா" என்று சொல்லிவிட்டு, அந்தோனியாரின் காலடியில் கத்தியை விட்டுச் சுரண்டத் தொடங்கினாள்.

சிரிப்பு நின்றது. என் மனைவி பகிடிக்காகப் புனிதரை உரிக்கிற ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். பாட்டு அக்காதான் முதலில் இறங்கினார். பிறகு ஒருவர் பின் ஒருவராக, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் எல்லாரும்.

அந்தோனியாரின் அங்கி போனது. கை போனது. கடைசியில் வெறும் தூண். வட்டமும் இல்லை, வட்டம் இருந்த அடையாளமும் இல்லை.

"இல்லை" என்றாள் மனைவி.

சனம் பஸ் பிடித்துப் போனது. நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் காத்திருந்தோம். நான் போனில் கூப்பிட்ட மெக்கானிக் அண்ணை மோட்டார்சைக்கிளில் வந்து, லொறிக்குக் கீழே மல்லாந்து படுத்தார். "இஞ்சை வாரும், கையை வையும்" என்றார். நானும் புழுதியில் ஊர்ந்துபோய் அந்தத் தண்டைப் பிடித்தேன். ஆட்டினேன். கடக், கடக் என்றது. எங்கள் வீட்டுப் பழைய கதிரைக் கால் கூட அப்படி ஆடாது.

"இதோடை இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்கும் அண்ணை?"

"காலமை மீன் ஏத்திக்கொண்டு போய் வந்தனீர்தானே? அது எப்பிடி எண்டே எனக்கு விளங்கேல்லை."

தண்டிலிருந்து கையை எடுக்காமல் அங்கேயே கிடந்தேன். அன்று விடிய அதே தாம்போதியில் ஒரு கையால் ஸ்ரேரிங், மறு கையால் வாழைப்பழம். மனைவியின் செருப்புக் கால்கள் சில்லுக்குப் பக்கத்தில் தெரிந்தன. நான் பகிடி ஒன்று தேடினேன். வாய்க்கு வரவில்லை.

கொழும்பிலிருந்து புதுச் சாமான் வந்து, பூட்டி, இப்போது ஒரு ஆட்டமும் இல்லை. புது அந்தோனியாரை மனைவி கண்ணாடிக்கு மேலே ஒட்டினாள். தூணை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

இந்த வருசத் திருநாளுக்கும் சனம் ஏறியது. அல்லைப்பிட்டியில் நானே லொறியை நிற்பாட்டினேன். வெள்ளைச் சேட்டோடு கீழே ஊர்ந்துபோய் அந்தப் பொல்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொரு தரம் பார்த்தேன்.

வெளியே வந்தபோது பின்பெட்டியில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டு அக்கா குனிந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, பூசைக்கு நேரமிருக்கு. இன்னொருக்காப் பார்த்திட்டு வாரும்."

திரும்பவும் லொறிக்குக் கீழே போனேன்.