சத்தங்காட்டாமல் கேட்க வேண்டிய கேசட்

டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மிக்சி ஓடக் கூடாது. குழாயடியில் குடம் உருளக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கறிவேப்பிலை கேட்டால்கூட நான் உதட்டில் விரலை வைத்துச் சைகையில்தான் பதில் சொல்ல வேண்டும். துக்க வீடு என்று நினைத்துவிடாதீர்கள். முன்னறையில் நாலு ஆம்பிளைகள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு அது. என் வீட்டுக்காரர் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். ஒலி என்ற பாடத்தை அவர் நடத்தினால் பிள்ளைகள் மெய்மறந்து கேட்பார்கள். இதை எனக்குச் சொன்னவர் அவரேதான். அவரும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஓர் இசை வட்டம் வைத்திருந்தார்கள்.

வட்டத்துக்குப் பெயர் வைத்தவர் வங்கி அதிகாரி ஒருவர். அவருக்குப் பாட்டில் பாட்டு பிடிக்காது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருகிற வாத்திய இசைதான் பிடிக்கும். பாடகர் வாயைத் திறந்ததும் பஸ்ஸுக்கு நிற்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அடுத்தவர் மருந்துக்கடை அண்ணாச்சி, வயதில் மூத்தவர். எதைப் போட்டாலும் "இத முன்னமேயே கேட்டாச்சே" என்பார். நேற்று வெளிவந்த கேசட்டுக்கும் அதே வசனம்தான். மூன்றாவது ஆள் முக்கூடல் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. அதனாலோ என்னவோ, எந்த இசையைக் கேட்டாலும் அதில் தாய்மையைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் காபி டம்ளரை நீட்டினால் நிமிர்ந்து பார்த்து "நல்லாருக்கு மைனி" என்று சொல்லுகிற ஒரே ஆள் அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

வட்டம் என்ற பெயர் எனக்கும் பொருத்தமாகவே பட்டது. அவர்கள் எழுந்து போன பிறகு ஸ்டூலிலும் தரையிலும் காபி டம்ளர் பதித்துவிட்டுப் போன வட்டங்களைத் துடைக்கிறவள் நான்தானே.

வருஷக் கடைசியில் நடப்பது இதுதான். ஆளுக்கொரு கேசட் கொண்டுவருவார்கள். இந்த வருஷத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இது என்று சொல்லி ஒரு பக்கத்தை முழுக்கப் போட்டுக்காட்ட வேண்டும். மற்ற மூவரும் அதைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். கடைசியில் ஒன்றை வருஷத்தின் சிறந்த கேசட்டாகத் தேர்ந்தெடுப்பார்கள். இதில் ஒரு விதி உண்டு. ஊரே கேட்கிற கேசட்டைக் கொண்டுவரக் கூடாது. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஒரு பாட்டு ஒலித்துவிட்டால் அதோடு அதன் ஆயுசு முடிந்தது. டீக்கடையில் ஒலித்தால் அதன் பெயரைச் சொல்வதே கேவலம். யாருக்கும் தெரியாததாக இருக்க வேண்டும், கிடைக்காததாக இருந்தால் இன்னும் உத்தமம்.

என் வீட்டுக்காரர் போட்ட கேசட் எதுவும் அதுவரை ஜெயித்ததில்லை. ஒவ்வொரு முறையும் அவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அந்த வருஷம் எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்று இருந்தார்.

நவம்பரில் முக்கூடல் வாத்தியாரின் அத்தான் ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்தார். அவர் கையில் புதுக் கேசட் ஒன்று இருந்தது. பம்பாயில் யாரோ போட்டது. வயலின், குழல், ஏதேதோ மணிச் சத்தம். பாடல் என்று எதுவும் கிடையாது. திருநெல்வேலிக் கடைகளுக்கு வந்து சேரவில்லை. அத்தான் சாயங்காலம் பஸ் ஏற வேண்டும். அதற்குள் பதிந்துகொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்து என் வீட்டுக்காரர் அதை வாங்கி வந்துவிட்டார்.

வீட்டில் எங்கள் டேப்ரெக்கார்டர் இருந்தது. பதிவதற்குப் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொன்றை இரவல் வாங்கினார். இரண்டையும் இணைக்கிற ஒயரை எடுத்தால், அதை எலி கடித்திருந்தது. ஒலியியல் வல்லுநர் அதை முறுக்கிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார், எலியைத் திட்டினார். பிறகு இரண்டு பெட்டிகளையும் கட்டிலில் எதிரெதிரே உட்கார வைத்தார். ஒன்று பாட வேண்டும், மற்றது அதைக் காது கொடுத்துக் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். ஜன்னல்களைச் சாத்திவிட்டு என்னிடம் வந்து உத்தரவு போட்டார்.

"ஏளா, கேசட் முடியுத வரைக்கும் சத்தங்காட்டாம இரு."

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சொதி. தேங்காய்ப் பால் சொதியும் இஞ்சிப் பச்சடியுமாகச் சாப்பிட்டுவிட்டு எந்தத் திருநெல்வேலிக்காரரும் விழித்திருந்ததாக வரலாறு கிடையாது. இவர் ரசிக்கப் போகிறேன் என்று சொல்லி ஈசிச்சேரில் சாய்ந்து கண்ணை மூடினார். இரண்டாவது உருப்படி ஆரம்பிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. நான் அடுத்த அறையில் எங்கள் பெண்பிள்ளையின் தொட்டில் பக்கத்தில் இருந்தேன். நடுவில் கதவு இல்லை, ஒரு திரைச்சீலைதான். அப்போது பார்த்துப் பிள்ளை நெளிந்தது. இது வீலென்று ஒரு சத்தம் போட்டால் அவருடைய வருஷமே பாழாகிவிடும். நான் சேலைத் தொட்டிலைப் பைய ஆட்டி, அங்கே ஓடிக்கொண்டிருந்த வயலினோடு சேர்ந்து வாயைத் திறக்காமல் முனகிக்கொண்டிருந்தேன். அது என் வழக்கம். வானொலியில் எது ஓடினாலும் அதற்குக் கீழே இன்னொரு இழையாக முனகித்தான் பிள்ளையைத் தூங்க வைப்பேன். அன்றும் பிள்ளை தூங்கிவிட்டது. இவரும் விழித்தெழுந்து, பதிவு பிரமாதமாக வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, கேசட்டைத் திருப்பிக் கொடுக்க ஓடினார். பதிந்ததை வருஷக் கடைசி வரை யாரும் தொடக் கூடாது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். களக்காட்டில் எங்கள் வீட்டுக்கு இவர் பெண் பார்க்க வந்தபோது என்னைப் பாடச் சொன்னார்கள். பாடினேன். மற்றவர்கள் நகையைப் பற்றிப் பேச்செடுத்தபோது இவர், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், இந்தக் குரல் போதும் என்று சொன்னார். எங்கள் தெருவே அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தது. நானும் மாய்ந்தேன். கல்யாணமான புதிதில், குரலுக்காகக் கட்டிக்கிட்டேன் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லுவார். பிறகு அந்தக் குரல் அரிசி தீர்ந்தது, கேஸ் தீர்ந்தது என்று சொல்லத் தொடங்கியதும் அந்தப் பேச்சு நின்றுபோனது.

வருஷக் கடைசி வந்தது. வங்கி அதிகாரி கேசட்டைக் கிழித்தாயிற்று, அண்ணாச்சி கேசட்டைக் கிழித்தாயிற்று. வாத்தியார் கேசட்டை எல்லாரும் பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்கள். கடைசியாக என் வீட்டுக்காரர் எழுந்து, இது இந்த ஊரில் வேறு யாரிடமும் கிடையாது என்று முன்னுரை கொடுத்துவிட்டுத் தன் கேசட்டைப் போட்டார். நான் காபித் தட்டோடு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். முதல் உருப்படி முடிந்தது. இரண்டாவதில் வயலின் ஏறி இறங்கியது. அதற்குக் கீழே யாரோ ஒருத்தி முனகினாள்.

அது நான். என் தொண்டை, என் மூச்சு. தொட்டில் இந்தப் பக்கம் வரும்போது கொஞ்சம் ஏறி, அந்தப் பக்கம் போகும்போது இறங்குகிற என் குரல். இன்னும் கீழே, ஆழத்தில், சீராக ஒரு கரகரப்பு. அது அவருடைய குறட்டை. எத்தனை குறட்டைகளுக்கு நடுவே போட்டுக் கேட்டாலும் அதை நான் அடையாளம் சொல்வேன்.

முன்னறையில் யாரும் அசையவில்லை. வங்கி அதிகாரி கண்ணைத் திறக்காமலே, "கேட்டேரா வே, அடியில ஒரு பேஸ் ஓடுது பாரும்" என்றார். அது டபுள் பேஸ், ஆள் உயர வயலின், வில்லால் இழுக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. தொட்டில் ஆட்டுகிற கைக்குத்தான் இந்தக் குரல் வரும் என்றார். பாவம், தன் வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை என்று அவருக்கே தெரியாது. அண்ணாச்சி மட்டும் நெற்றியைச் சுருக்கி, "இத முன்னமேயே கேட்டாச்சே" என்றார். அவர் எப்போதும் சொல்வதுதானே என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

நான் ஒரே ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று பேர் என் குரலைக் கண்டுபிடிக்காவிட்டால் எனக்கென்ன. இவர் கண்டுபிடிப்பாரா, மாட்டாரா, அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. வயலினில் ஒரு தந்தி அரைக்கால் சுருதி தப்பினால் புருவத்தைத் தூக்குகிற மனுஷன். நாலு வருஷமாக அடுத்த அறையில் கேட்கிற குரல். இப்போது சட்டென்று நிமிர்ந்து திரைச்சீலைப் பக்கம் பார்ப்பார், பார்த்துச் சிரிப்பார் என்று நின்றேன்.

"இது பம்பாய்க் குரல்வே" என்றார் அவர். "நம்ம பக்கத்துத் தொண்டையில இந்தச் சுத்தம் வராது."

அந்த நேரத்தில் பிள்ளை என் காலைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டது. தத்தித் தத்தி நடக்கிற வயது. நேரே டேப்ரெக்கார்டரிடம் போய் அதன் ஸ்பீக்கரைத் தட்டி, "ம்மா, ம்மா" என்றாள். நாலு ரசிகர்களும் முகத்தைச் சுளித்தார்கள். பிள்ளைக்குப் பசிக்கிறது போல, உள்ளே தூக்கிக்கொண்டு போ என்று எனக்கு உத்தரவு வந்தது.

நான் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். உள்ளே போகவில்லை. "அது நாந்தாங்க" என்றேன். "அன்னைக்குத் தொட்டில ஆட்டிக்கிட்டு முனகுனேன். அதுதான் பதிஞ்சிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மரியாதைக்காக நிறுத்திக்கொண்டார்கள். வங்கி அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. மைனி முனகிக் காட்டட்டும், ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்றார். விட்டிருக்கலாம். எனக்கு ஆத்திரம். இடுப்பில் பிள்ளையோடு முன்னறை நடுவில் நின்று, நாலு ஆம்பிளைகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்க, அதே இழையை முனகினேன். பிள்ளை என் தோளில் சாய்ந்து கண்ணைச் செருகியது. தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு மைனி" என்றார் வங்கி அதிகாரி. "ஆனா அதுல ஒரு ஆழம் இருக்கில்லா, அது வரல."

வாத்தியார் அந்தக் குழைவு கொஞ்சம் குறைவதாக வருத்தத்தோடு சொன்னார். அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் விஷயத்தை முடித்துவைத்தார். அன்றைக்குப் பதியும்போது அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறாள், அதிலேயே இவளுக்குப் பாடமாகிவிட்டது, மற்றபடி இவள் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுகிறாள் என்றார். ஆக, என்னைப் போலவே முனகப் பார்த்து நான் தோற்றுப்போனேன். என்னைத் தோற்கடித்தவள் பம்பாயில் இருக்கிறாள்.

குறட்டை விஷயத்தை நான் சொல்லவில்லை. பெருந்தன்மையெல்லாம் ஒன்றும் இல்லை. சொல்லியிருந்தால் அதையும் அவர் டபுள் பேஸிடம் தோற்க வைத்திருப்பார். அதைவிட, மூன்று பேர் அந்தக் குறட்டைக்குத் தலையாட்டுவதைப் பார்க்கிற சுகத்தை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷத்தின் சிறந்த கேசட் அதுதான். ஒருமனதான தேர்வு. ஜங்ஷன் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் அன்று மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

பொங்கல் கழிந்து அசல் கேசட் கடைக்கு வந்தது. வங்கி அதிகாரி வாங்கிப் போட்டுப் பார்த்தால் அதில் முனகலும் இல்லை, பேஸும் இல்லை. முகம் வெளிறி ஓடிவந்தார். இப்போதாவது தெரியப்போகிறது என்று நான் அடுக்களையில் கேஸை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். நால்வரும் வெகுநேரம் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதலில் வந்ததில் அது இருந்திருக்கிறது. விற்காது என்று பயந்து கம்பெனிக்காரன் அடுத்த பதிப்பில் வெட்டிவிட்டான். கலையைப் புரிந்துகொள்ளாத வியாபாரிகள். வாத்தியாரின் அத்தானுடைய கேசட்டோ மெட்ராஸில் நாடா சிக்கிப் பாழாகியிருந்தது. ஆகவே வெட்டாத முதல் பதிப்பு இந்த உலகத்தில் பாளையங்கோட்டையில் மட்டும்தான் இருக்கிறது. நான் மறுபடி கேஸைப் பற்ற வைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நண்பரின் நண்பர், சகலையின் தம்பி, குலசேகரன்பட்டினத்திலிருந்துகூட ஒருவர் இரண்டு பஸ் மாறி அந்த முதல் பதிப்பைக் கேட்க வந்தார். கருவாட்டுப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்து, நாங்கள் சைவம் என்று தெரிந்ததும் தவித்துப் போனார். அவரை உட்கார வைத்து என் வீட்டுக்காரர் பக்தியோடு கேசட்டைப் போட்டார். நான் அடுத்த அறையில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். தூக்கம் வராமல் சிணுங்கியது. எப்போதும் போல முனக ஆரம்பித்தேன்.

திரைச்சீலை விலகியது. இவர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"ஏளா, கொஞ்சம் சத்தங்காட்டாம இரு. அந்த ஹம்மிங் வரப் போகுது."

நான் நிறுத்தினேன். முன்னறையில் தொடங்கினேன். வந்தவர் ஆகா என்றார். தொட்டிலுக்குள்ளிருந்து பிள்ளை திரைச்சீலையைப் பார்த்தாள், பிறகு மூடியிருந்த என் வாயைப் பார்த்தாள். அந்த வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருத்திக்கு இன்னும் பேச்சு வரவில்லை. இன்னொருத்தியைச் சத்தங்காட்டாதே என்று சொல்லியாகிவிட்டது.