சேச்சுரா பாலைவனத்து மழைக்காரி

மெதானோ சிக்கோ என்ற ஊரில் மழைக்காரி என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். ஆனால் நெமேசியா பெரிச்சேவுக்கு அது பெருமைக்குக் கிடைத்த பட்டமில்லை.

அவள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஒரே ஆசிரியை. பிறந்தது கடற்கரையில், மீன்பிடிக்கும் குடும்பத்தில். வேலை கிடைத்தது சேச்சுரா பாலைவனத்துக்குள், ஆடு மேய்ப்பவர்கள் மத்தியில். கடலுக்கும் ஊருக்கும் லாரியில் போனால் காலையில் பாதிப் பொழுதுதான். ஆனால் ஊர்ப் பிள்ளைகள் பலர் கடலைக் கண்ணால் கண்டதில்லை. பாடப் புத்தகம் அவர்களுக்கு ஒற்றை வரியில் சொல்லியது: நம் பகுதியின் காலநிலை வறண்டது, மழை கிடையாது.

எலெயுத்தேரியோ பாந்தாவின் மகள் தெய்சி ஒருநாள் கேட்டாள்: "இவ்வளவு பக்கத்துல கடல் இருக்கே டீச்சர், அப்புறம் ஏன் நமக்கு மழையே இல்ல?"

நெமேசியா அடுப்பை மூட்டி ஒரு சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடினாள். மூடியைத் தூக்கியதும் அடியில் முத்து முத்தாக நீர். பச்சைத் தண்ணீர் ஊற்றிய இன்னொரு சட்டியின் மூடி காய்ந்தே இருந்தது.

"நம்ம கடல் இந்த ரெண்டாவது சட்டி. தெற்கேயிருந்து குளிர்ந்த தண்ணி வந்துட்டே இருக்கு. அதுக்கு மேல நிக்கிற காத்தும் குளிர்ந்து, கனத்து, கீழேயே படுத்துக்குது. காத்து மேல ஏறினாத்தானே மேகம் கட்டும்?"

"கடல் சூடாயிட்டா?"

"அப்ப மழைதான்."

அந்த வாரத்திலிருந்து, சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகும்போது கையோடு வெப்பமானியையும் எடுத்துப் போனாள். படகுத் துறையில் வாளி நிறையக் கடல்நீர் மொண்டு, அதில் வெப்பமானியைப் போட்டுப் பார்ப்பாள். திங்கட்கிழமை அந்த எண் கரும்பலகையில் ஏறும். பிள்ளைகள் சுவரில் ஒட்டிய தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள்.

ஒரு வருஷம் கோடு ஏறியது. கடல் சூடாகி மழை கொட்டும் எல் நீனியோ வருகிறது என்று ரேடியோவும் ஓயாமல் சொன்னது. ஊர்க்கூட்டத்தில் நெமேசியா எழுந்து நின்று, "வரும். நிச்சயமா வரும். இருக்கறதைக் காப்பாத்திக்குங்க" என்றாள். சிலர் கூரையைப் பிரித்துப் புதிதாக மேய்ந்தார்கள். எலெயுத்தேரியோ, வெள்ளத்தில் ஆடுகளை எங்கே கட்டுவது என்று பயந்து, மந்தையில் பெரும்பகுதியைப் பியூரா நகரத்திலிருந்து வந்த வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டான்.

மழை வரவேண்டிய கோடைக்காலம் முழுவதிலும் பெய்தது, புழுதி அடங்கும் அளவுக்கு ஒரே ஒரு தூறல். அவ்வளவுதான்.

எலெயுத்தேரியோ சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவளுக்குத் தேவலை. சுட்டெரிக்கும் வெயிலில் எதிரே பார்க்கும்போதெல்லாம் தொப்பியைத் தூக்கி, "என்ன டீச்சர், குடையை மறந்துட்டீங்களா?" என்று கேட்பான். மழைக்காரி என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

எங்கே பிசகியது என்று அவள் பல நாள் யோசித்தாள். கடல் சூடானது உண்மை. ஆனால் சூடு தூரத்து நடுக்கடலில் தங்கிவிட்டது, இந்தக் கரைப்பக்கம் மழைக்காலத்துக்கு முன்பே ஆறிவிட்டது. அதை அவளால் முன்கூட்டித் தெரிந்திருக்க முடியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்க முடியும். "வரலாம்" என்று சொல்லவேண்டிய இடத்தில் "வரும்" என்றாள். எலெயுத்தேரியோவின் ஆடுகள் போனது அந்த ஒரு சொல்லில்தான். அதன்பிறகும் சனிக்கிழமைகளில் வாளியில் தண்ணீர் மொண்டாள், ஆனால் எண்ணைப் பலகையில் எழுதுவதை விட்டுவிட்டாள்.

அதற்கடுத்த வருஷம் கோடை விடுமுறையில், வாளிக்குள் விட்ட கையை வெடுக்கென்று எடுத்தாள். குளிக்கக் காய்ச்சிய தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் அப்படியில்லை. வலையில் வழக்கமான மீன் போய், வடக்கே சூடான கடலில் இருக்கும் மீன் விழுகிறது என்றான் அவள் தம்பி. ரேடியோவில் ஒரு பேச்சும் இல்லை. திரும்பும் லாரியில் வழியெல்லாம் மனசுக்குள் மல்லுக்கட்டினாள். சொல்லி, மறுபடியும் பொய்த்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. சொல்லாமல் வந்துவிட்டால்?

லாரியை விட்டு இறங்கியதும் நேராக எலெயுத்தேரியோ வீட்டுக்குப் போனாள். தன்னைப் பார்த்துச் சிரிக்க அவனுக்குத்தான் முதல் உரிமை என்று பட்டது.

அவன் பட்டியில் ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தான். "வாங்க மழைக்காரி. இந்தத் தடவை எத்தனை ஆட்டை விக்கணும்?"

"ஒண்ணையும் விக்க வேணாம். கடல் சுடுது. ரெண்டு வாரத்துல ஏறியிருக்கு."

"மழை வருமா, வராதா? அதைச் சொல்லுங்க."

"தெரியாது."

கத்தி நின்றது. "தெரியாதுங்கறதைச் சொல்லவா இந்த வெயில்ல வந்தீங்க?"

"போன தடவை தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அது என் தப்பு. இப்ப தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். மழைக்கு வேண்டியதெல்லாம் கூடியிருக்கு. வரலாம், வராமலும் போகலாம். பட்டியை மணல்மேட்டுக்கு மாத்தினீங்கன்னா, வராட்டி உங்களுக்கு ஒரு நாள் வேலைதான் நஷ்டம்."

எலெயுத்தேரியோ ஆட்டை விட்டுவிட்டு மேட்டைப் பார்த்தான். "ஒரு நாளா? அந்த மணல்ல கம்பு நட்டுப் பாருங்க. மூணு நாள்." அப்புறம், "உள்ள போய் மோர் குடிங்க, மூஞ்சி கருகிக் கிடக்கு" என்றான்.

பட்டி மேட்டுக்குப் போனதைப் பார்த்துப் பாதி ஊர் சிரித்தது. பாதி ஊர், எதற்கும் இருக்கட்டும் என்று அரிசி மூட்டையையும் சோள மூட்டையையும் மேலே ஏற்றியது.

மழை வந்தது. தொடக்கத்தில் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு அதில் ஓடினார்கள். வாரக்கணக்கில் பெய்தபின் யாரும் ஓடவில்லை. ஊரை முழுக வைத்தது வானத்துத் தண்ணீர் மட்டுமில்லை. மலையில் பெய்தது ஆற்றில் இறங்கி, ஆறு கரையுடைத்து, பாலைவனத்தில் தாழ்ந்த இடம் தேடிப் பரவியது. தண்ணீர் ஏறும்போதே எல்லோரும் மேட்டுக்குப் போய்விட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. சிரித்தவர்களுக்குக் கோழிகூட மிஞ்சவில்லை. அவர்களுக்கு எலெயுத்தேரியோ தன் ஆட்டுப்பாலைக் கொடுத்தான், ஒரு குத்தல் பேச்சும் இல்லாமல். அதுதான் ஊருக்கு ஆச்சரியம்.

பள்ளிக்கூடம் ஜன்னல்வரை தண்ணீரில் நின்றது. மேட்டில் தார்ப்பாய் கட்டி நெமேசியா வகுப்பைத் தொடங்கினாள். எதிரே அடிவானம்வரை ஏரி.

"அப்ப புஸ்தகம் பொய்யா டீச்சர்?" என்றாள் தெய்சி. "மழை கிடையாதுன்னு போட்டிருக்கே."

"இன்னிக்கு வானம் எப்படி இருக்குங்கறது வானிலை. பல வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தா தெரியற சுபாவம் காலநிலை. புஸ்தகம் சுபாவத்தைச் சொல்லுது."

தெய்சி விடவில்லை. "எங்கப்பாவுக்குக் கோபமே வராது. ஆனா வந்தா வீட்ல ஒரு பானை மிஞ்சாது. அதுவும் அவர் சுபாவம்தானே?"

நெமேசியா புத்தகத்தைத் திருப்பி அந்த வரியைப் பார்த்தாள். பிறகு, "ஆமா. அதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கணும்" என்றாள்.

கடலிலிருந்து வெள்ளத்தில் ஏறிவந்த மடவை மீன் ஏரியில் துள்ளத் தொடங்கியதும் கடற்கரைக்காரர்கள் லாரியில் படகுகளைக் கொண்டுவந்தார்கள். நெமேசியாவின் தம்பியும் வந்தான். முந்தைய வருஷம் தன் ஆடுகள் மேய்ந்த நிலத்தின்மேல் எலெயுத்தேரியோ அவனோடு படகில் போனான், இரண்டு கையாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. வலையை யார் இழுப்பது என்று தம்பி திட்டுவது கரைவரை கேட்டது. மாதங்கள் போக ஏரி சுருங்கி, உப்புக் கரித்து, வற்றியது. ஈரம் இருந்த இடமெல்லாம் ஆட்டுப் புழுக்கையில் கிடந்த விதைகள் முளைத்து ஆடுகள் காய் தின்னும் அல்கரோபோ மரத்தின் கன்றுகள் நின்றன.

புதுப் பள்ளிக்கூடம் எங்கே கட்டுவது என்று கூட்டம் நடந்தது. மேட்டில் கட்டவேண்டும் என்றாள் நெமேசியா. கிணறு கீழே இருக்கிறது, பிள்ளைகள் எத்தனை தடவை ஏறி இறங்கும் என்றார்கள் தாய்மார்கள். "இனி பதினஞ்சு வருஷத்துக்கு வராது" என்றார் ஒருவர்.

"அப்படின்னு யாரு உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டாள் நெமேசியா.

ஆனால் கைதூக்கும்போது பழைய இடமே ஜெயித்தது. எலெயுத்தேரியோவும் அதற்குத்தான் கை தூக்கினான். உட்காரும்முன், "தரையை மட்டும் என் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கட்டணும். கல்லு நான் கொண்டுவரேன்" என்றான். தோற்றாலும் அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. பிள்ளைகள் தினமும் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தாக வேண்டுமே.

கட்டிடம் அப்படியே எழுந்தது, வறண்ட மணலில் காரணமில்லாமல் உயர்ந்து நிற்பதுபோல. புதிதாக வந்த கல்வி அதிகாரி, இத்தனை படி எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார். இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் படியில் இறங்குவதில்லை. விளிம்பிலிருந்து மணலில் குதிக்கிறார்கள். கால் உடையப் போகிறது என்று நெமேசியா உள்ளிருந்து கத்துகிறாள்.