தஞ்சோங் ரெசாங் போகும் வழியில் ஒரு தோட்டம்

என் பெற்றோர் சாதி பார்க்கிறவர்கள். வாரம் தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள், செபக் கூட்டத்தில் மற்றவர்களைவிட உரக்கப் பாடுகிறவர்கள், சாதி பார்க்கிறவர்கள். கடற்கரைப் பயணக் குறிப்பில் இது எதற்கு என்று கேட்பீர்கள். மூன்று நாள் பயணம் ஏன் இரண்டாம் நாளே முடிந்தது என்பதை இதைச் சொல்லாமல் எழுத முடியாது. பாதையும் தங்குமிடமும் மட்டும் போதும் என்பவர்கள் கீழே இறங்கி, கடைசிக்குச் சற்று முன்னால் உள்ள பத்திகளைப் படித்துக்கொள்ளலாம்.

மலேசிய தினத்தை ஒட்டி வந்த தொடர் விடுமுறை. சனிக்கிழமை காலை குளுவாங்கிலிருந்து கிளம்பி, திங்கள் மாலை திரும்புவது திட்டம். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரே மாதா கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் ஐந்தாறு உண்டு. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, செபமாலை சொல்லி, சாப்பிட்டுக் கலைவோம். அதற்கு அன்பியம் என்று பெயர். எங்களிடமிருந்து இரண்டு வீடு தள்ளி சவரிமுத்து அங்கிள் குடும்பம், நான்கு வருடமாக. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மனைவி அற்புதம் ஆண்டி. ஒரே மகள் ஷாலினி, ஒரு கிளினிக்கில் தாதி.

என் அண்ணன் ஜெரோம் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜோகூர் பாருவில் அறை எடுத்திருக்கிறான், வார இறுதியில் வீட்டுக்கு வருவான். அவனும் ஷாலினியும் பழகுவது தெருவுக்கே தெரியும். அம்மாவுக்கும் தெரியும், பிடித்தும் இருந்தது. தனக்கு ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கே ஒரு தாதி வரப்போகிறாள் என்று அன்பியத்தில் பெருமை பேசியவர் அம்மாதான். "மூணு நாள் கடக்கரையில ஒன்னா இருந்தா நிச்சயதார்த்தத் தேதியப் பேசி முடிச்சிடலாம்" என்று இந்தப் பயணத்தை ஆரம்பித்து வைத்தவரும் அம்மாதான்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். அங்கிளின் வேன் முன்னால், அண்ணன் ஓட்டிய எங்கள் கார் பின்னால். குளுவாங்கிலிருந்து மெர்சிங் நூறு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். நெடுஞ்சாலைக் கட்டணம் கிடையாது. ககாங் வரை இருபுறமும் செம்பனை எண்ணெய்த் தோட்டங்கள். ககாங்கில் ஒரு மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம் உணவகத்தில், பசியாறினோம். ரொட்டி சானாய் மெத்தென்று இருந்தது, மீன் குழம்பு சுமார். அங்கிள் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"இருதயம் அண்ணே, இன்னும் பத்து நிமிஷம் போனா நான் பொறந்த எஸ்டேட்டு. மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்குப் பொறந்த எடத்தக் காட்ட வேணாமா?" என்றார் அப்பாவிடம்.

"ஐயோ, அங்க என்னா இருக்குன்னு காட்டப் போறீங்க? பனமரமும் பாம்பும்தான் இருக்கு" என்றார் ஆண்டி.

"பாம்பு இருந்தா மாமியாக்காரிக்குக் காட்டு" என்று அம்மாவைக் காட்டினார் அங்கிள்.

அம்மாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

பிரதான சாலையிலிருந்து செம்மண் பாதையில் கொஞ்ச தூரம். வீடுகள் எல்லாம் இடிக்கப்பட்டுவிட்டன. ஒரு தண்ணீர்த் தொட்டியும், கூரை இல்லாத ஒரு சிறிய தேவாலயமும் மட்டும் மிச்சம். பழக்குலை ஏற்றிக்கொண்டிருந்த வங்காளதேசத்துத் தொழிலாளிகள் எங்களைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அங்கிள் செருப்பைக் கழற்றிவிட்டு தேவாலயத்துக்குள் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டு வந்தார்.

அப்பா கேட்டார்: "நீங்க எந்த லயத்துல இருந்தீங்க?"

தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் இந்தக் கேள்விக்கு ஒரு வேலை உண்டு. இங்கே யாரும் சாதியை வாய்விட்டுக் கேட்பதில்லை. எந்தத் தோட்டம், எந்த லயத்து வரிசை வீடு, கோயிலில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். இந்தப் பதில்களே போதும். நான்கு வருடத்தில் இதைக் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். 'ககாங் பக்கம் எஸ்டேட்டு' என்ற பதிலோடு பேச்சு நின்றுபோயிருந்தது. ககாங் பக்கம் எஸ்டேட்டுகளுக்குப் பஞ்சமில்லை.

"தோ, அங்க. ஆத்தோர லயம்" என்று கையை நீட்டினார் அங்கிள். "மழை பேஞ்சா மொதல்ல எங்க வீட்டுக்குள்ளதான் தண்ணி வரும். மத்தவங்கள்லாம் மேட்டுல. கோயில்லகூட எங்க ஆளுங்க பின்னாடிதான் நிக்கணும். பூசையில நன்மை அப்பம் குடுக்கறப்ப சாமியார் கடைசியாத்தான் எங்ககிட்ட வருவாரு. இப்ப நெனச்சா சிரிப்பா இருக்கு லா."

அவர் உண்மையிலேயே சிரித்தார். அது முடிந்துபோன கதை என்று நம்பிச் சிரித்தார். எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று மீன் கழுவியிருக்கிறார். எங்கள் தட்டில் சாப்பிட்டிருக்கிறார். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று எந்த மனிதனும் நினைப்பான்.

அம்மாவின் சித்தப்பா பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், அலுவலகக் கணக்குப்பிள்ளை. ஆற்றோர லயம் என்றால் யார் என்பது அம்மாவுக்குத் தெரியும். குடையை விரித்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

ககாங் தாண்டி ஜெமாலுவாங் வரை சாலையின் இருபுறமும் காடு. யானை கடக்கும் இடம் என்ற பலகைகள் வரும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் காரில் அம்மா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார்.

"அவங்க அந்தப் பக்கமாம்" என்றார் அம்மா.

"ம்" என்றார் அப்பா.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"ஜெனி, நீ சும்மா இரு" என்றார் அம்மா.

அண்ணன் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான்.

மெர்சிங் மீன் சந்தையில் அங்கிள் ஒரு பெரிய தெங்கிரி மீன் வாங்கினார். அங்கிருந்து தஞ்சோங் ரெசாங் வடக்கே ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். மலாய்க் கிராமமான கம்பத்து வீடுகளைத் தாண்டிச் சாலை முடியும்போது கடல் திறக்கிறது. மணல் சுத்தம், கூட்டம் குறைவு, தூரத்தில் தீவுகள் நீலமாகத் தெரிகின்றன. இரண்டு அறை பதிவு செய்திருந்தோம். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று.

பெட்டியை இறக்குவதற்கு முன்பே அம்மா விடுதிக்கார மலாய் அம்மாவிடம் மூன்றாவது அறை கேட்டார். "ஹாபிஸ், காக். சூத்தி பஞ்சாங்" என்றார் அவர். நீண்ட விடுமுறை, எல்லா அறையும் முடிந்துவிட்டது. வேண்டுமானால் ஒரு மெத்தை போட்டுத் தருகிறேன் என்றார். மெத்தை போதாது என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

அற்புதம் ஆண்டி வீட்டிலேயே மசாலா அரைத்து டப்பாவில் கொண்டுவந்திருந்தார். அங்கிள் கரி அடுப்பை மூட்டினார். கடல் காற்றில் அந்த வாசனை வந்தபோது பக்கத்து அறைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ஆண்டி முதல் தட்டை அம்மாவிடம் நீட்டினார்.

"சாப்டுங்க அக்கா. ஒங்களுக்குப் புடிச்ச தலத்துண்டு."

"வயிறு சரியில்ல அற்புதம்."

"காலையில ரெண்டு ரொட்டி சாப்டீங்களே."

"அதனாலதான் சரியில்ல."

அதே ஆண்டியின் மீன் குழம்பை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சட்டியை வழித்துச் சாப்பிட்டவர் அம்மா. ஆண்டி தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா காரில் இருந்த பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டார்.

ஷாலினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒங்கம்மாவுக்கு வயித்து வலின்னா எங்கிட்ட மருந்து இருக்கு. வேணுமா?"

"வேணாம்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

மாலை நான்கு மணிக்கு அப்பாவும் அம்மாவும் மெர்சிங் நகரத்து ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். மெத்தை ஒத்துக்கொள்ளாது, ஏசி சரியில்லை என்று காரணம். அண்ணன்தான் கொண்டுபோய் விட்டான். அவன் திரும்பி வந்ததும் ஷாலினி அவனைக் கரையோரம் கூப்பிட்டாள். நான் விலகப் போனேன். விடவில்லை.

"நீயும் இரு ஜெனி. நாளைக்கு இவன் நான் அப்படிச் சொல்லலன்னு சொல்லக்கூடாது" என்றாள். பிறகு அவனிடம், "ஒங்கப்பா அம்மா மாறணும்னு நான் கேக்கல. நீ என்னா செய்யப் போற? அத மட்டும் சொல்லு."

"அம்மாவுக்கு பிரஷர் இருக்கு ஷாலு. கொஞ்ச நாள் போவட்டும்."

"எங்க கிளினிக்குக்கு வர்ற எல்லா அம்மாவுக்கும் பிரஷர் இருக்கு. மாத்திர குடுத்து அனுப்புறோம்."

"வெளையாடாத லா."

"நான் வெளையாடல. கட்டிக்கிறேன்னு நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் சொல்லு. கூச்சல் போட்டா போடட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

அலை வந்து அவன் செருப்பை நனைத்தது. அவன் செருப்பைப் பார்த்தான். என் அண்ணன் கெட்டவன் இல்லை. தினமும் சிங்கப்பூர்ப் பாலத்தில் இரண்டு குடிநுழைவுச் சாவடிகளைத் தாண்டி வேலைக்குப் போகிறவன். வீட்டில் ஒரு வாசலைத் தாண்டத் தெரியாது.

ஞாயிறு காலை அவன் போய்ப் பெற்றோரை அழைத்து வந்தபோது அங்கிள் வேனில் சாமான்களை ஏற்றி முடித்திருந்தார். "சார், நாங்க முன்னால போறோம். பஸ்ஸ சர்வீஸுக்கு விடணும்" என்றார்.

நான்கு வருடமாக அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டவர் அவர். ஞாயிற்றுக்கிழமை எந்த வொர்க்‌ஷாப் திறந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. "அப்படியா, சரி சரி. பாத்து ஓட்டுங்க" என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த நிம்மதியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஷாலினி வேனின் படியில் ஒரு காலை வைத்தபடி அண்ணனைப் பார்த்தாள். அவகாசம் கொடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் அங்கிளுக்கு உதவுவதுபோலப் பின்கதவைச் சாத்தினான். வேன் போய்விட்டது. மதியத்துக்குள் நாங்களும் அறையைக் காலி செய்தோம். நான் கடலில் இறங்கவே இல்லை.

அப்பா காப்பிக் கடையில் உட்கார்ந்தால் ஒரே பேச்சுதான்: இந்த நாட்டில் நம்மை இரண்டாம்தரமாக நடத்துகிறார்கள், பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை, அரசு வேலை இல்லை. அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் தன்னை யாரும் கீழே வைக்கக்கூடாது என்பவர், தனக்குக் கீழே ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்கிறார். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்களை இடித்துவிட்டார்கள், பிள்ளைகள் சிங்கப்பூரில் சம்பாதிக்கிறார்கள். மேட்டில் இருந்த வீட்டை மட்டும் எங்கள் ஆட்கள் இன்னும் காலி செய்யவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. குளுவாங்கிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், ககாங்குக்குப் பிறகு நீண்ட தூரம் நிலையம் இல்லை. கைப்பேசித் தொடர்பும் அங்கங்கே அறுந்துபோகும். நேராகப் போனால் மெர்சிங்குக்கு இரண்டு மணி நேரம் போதும், விடுமுறையில் ஜெமாலுவாங் சந்திப்பில் அரை மணி கூடுதலாகும். அங்கே இறங்கி ஒரு பன் வாங்கிக்கொள்ளலாம்.

நாங்கள் எடுத்தது சாதாரண அறை, ஓர் இரவுக்கு நூற்றெண்பது ரிங்கிட். ரொக்கமாகவே வைத்திருங்கள். நீண்ட விடுமுறை என்றால் ஒரு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பருவக்காற்று, கடல் பக்கம் போகாதீர்கள். நீர் வற்றும் நேரத்தில் போனால் பாறைகள் வரை நடக்கலாம் என்று விடுதிக்கார அம்மா சொன்னார். நான் நடந்து பார்க்கவில்லை. மீனை மெர்சிங்கிலேயே வாங்குங்கள். யாராவது சமைத்துத் தட்டை நீட்டினால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

திரும்பி வந்து ஆறு வாரம் ஆகிறது. அங்கிள் குடும்பம் இப்போது அன்பியத்துக்கு வருவதில்லை, மாலைப் பூசைக்கு மாறிவிட்டார்கள். அம்மாவுக்கு யார் ரத்த அழுத்தம் பார்ப்பது என்ற கேள்விக்கு ஓர் இயந்திரம் வாங்கியாகிவிட்டது. போன வாரம் ஷாலினியைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். பத்து பகாட் ஊரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றாள். "வர வேணாம்னு சொல்ல எங்கிட்ட காரணம் இல்ல ஜெனி. ஒங்கண்ணன் ஒன்னுமே குடுக்கலயே" என்றாள்.

நேற்று மாலை அண்ணன் ஜோகூர் பாருவுக்குத் திரும்பக் கிளம்பினான். மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது நான் கேட்டின் குறுக்கே நின்றேன்.

"அடுத்த ஞாயிறு அவளப் பாக்க வர்றாங்க. ஒன்னு, இப்பவே போய் அங்கிள் வீட்டுக் கதவத் தட்டி அவளக் கேளு. இல்ல, கட்டிக்க மாட்டேன்னு அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ரெண்டுல ஒன்னச் செஞ்சிட்டுப் போ."

அண்ணன் அங்கிள் வீட்டுப் பக்கம் திரும்பாமலேயே தலைக்கவசத்தை மாட்டி, தாடைக்குக் கீழே பட்டையை இழுத்து இறுக்கினான்.