எமது நிருபரின் முகம்

காலை எட்டேகால். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரப் பயிற்சி மண்டபத்தில் முதலில் கண்ணில் பட்டது றீற்றாவின் முகம். ஆளல்ல, படம். மேசையில் அடுக்கியிருந்த பயிற்சிப் பத்திரிகையின் முதற்பக்கத்தில் பெரிதாக அச்சாகியிருந்தது. கீழே முழுப்பெயர், ஊர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கைப் பத்திரிகையாளர்களுக்கு ஜெர்மன் உதவியில் பயிற்சி நடந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியராக இருந்து அகதியாக வந்த எனக்கு அங்கே மொழிபெயர்ப்பு வேலை.

றீற்றா மன்னார் நிருபர். இராணுவச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய்த் திரும்பாத மீனவர்களைப் பற்றி எழுதியிருந்தாள். தலைப்பின் கீழ், எங்கள் வழக்கப்படி ‘எமது நிருபர்’ என்று போட்டிருந்தாள். போர்ப் பகுதிச் செய்திக்கு நாங்கள் பெயர் போடுவதில்லை. போட்டால் அடுத்த செய்தி எழுத ஆள் இருக்காது.

பயிற்சியாளர் கிளவுசுக்கு அது பிடிக்கவில்லை. “பெயரில்லாத எழுத்து வதந்தி” என்றார். காரணத்தை விளக்கினேன். தலையாட்டினார். பிறகு பெயரையும் படத்தையும் அவராகவே போட்டுவிட்டார்.

“இது வகுப்புக்குள்ளதானே இருக்கும் அண்ணை?” என்று றீற்றா கேட்டாள்.

கிளவுசிடம் கேட்டேன்.

“இல்லையே! உதவி தந்தவர்களுக்குக் காட்ட வேண்டாமா? கொழும்பில் தகவல் அமைச்சுக்கும் நேற்றே ஒரு பிரதி போய்விட்டது.” பெருமையாகச் சொன்னார்.

மொழிபெயர்த்தேன். றீற்றா சிரித்தாள்.

“அமைச்சில என்ர படம் இல்லாத குறையொண்டுதான் இருந்தது. அதையும் தீர்த்துப்போட்டார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில என்னைப் பிடிக்கேக்க கூட வாறாரோ எண்டு கேளுங்கோ.”

ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் கேட்டேன்.

“மிகைப்படுத்துகிறீர்கள். இது றீற்றாவுக்குக் கௌரவம்” என்றார் கிளவுஸ்.

“அப்படியென்றால் உங்கள் வீட்டு விலாசத்தையும் பக்கத்தில் போட்டிருக்கலாமே” என்றேன். இது மொழிபெயர்ப்பல்ல. அவர் முகம் சிவந்தது. மொழிபெயர்ப்பாளர் தன் வேலையை மட்டும் பார்க்க வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் றீற்றாவின் சிரிப்பு நின்றது. “அங்க அம்மாவோட என்ர மகள் நிக்கிறா அண்ணை. வாற மாதம் சேர்ச்சில அவவுக்குப் புதுநன்மைச் சடங்கு. வருவன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.”

“இனிப் போக ஏலாது, பிள்ளை.”

“அது தெரியும். அசூல் அடிக்கிறதுக்கு, அகதியாப் பதியிறதுக்கு, எங்க போகவேணும்?”

இன்று பயிற்சி கொடுக்கப் போகும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெயர் போடுவதா வேண்டாமா என்பதை, அந்தப் பெயரோடு ஊர் திரும்ப வேண்டியவரே தீர்மானிக்கட்டும்.

கடைசி நாளில் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். மற்றவர்கள் விமானமேறிய காலையில், றீற்றா அகதி அலுவலக வரிசையில் நின்றாள். அவளுடைய பத்திரிகைக்கு மன்னாரில் வேறு நிருபர் இருக்கவில்லை.